அதிபர் தொகுப்பில் மனைவியர் கையெழுத்துக்கு இடம் உண்டா?

மைக்கூடு:
அமெரிக்க அதிபர்களின் கையெழுத்தைச் சேர்ப்பவர்கள் வாஷிங்டனில் தொடங்கி வரிசையாக அடுக்கிவிட்டு "செட் முடிந்தது" என்கிறார்கள். மனைவியர் கையெழுத்தும் சேர்ந்தால்தான் அது செட் என்பது என் கட்சி. மேரி லிங்கன் அனுப்பிய உறை ஒன்றைப் பாருங்கள். துக்கம் காட்டும் தடித்த கறுப்புக் கரை. தபால்தலை ஒட்ட வேண்டிய மூலையில் தலை இல்லை. அவர் பெயர்தான் மையில் இருக்கிறது. கணவரை இழந்த அதிபர் மனைவியருக்கு அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் கொடுத்த சலுகை அது: கையெழுத்துப் போட்டால் தபால் இலவசம். 1800-இல் மார்த்தா வாஷிங்டனுக்குத் தந்ததிலிருந்து வருகிறது.

பழுப்புத்தாள்:
உறை அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அதிபர் கையெழுத்துக்கு மதிப்பே அதனால் ஒரு காரியம் நடந்தது என்பதில்தான். நியமன ஆணை, மன்னிப்பு, சட்டம். மனைவி தோழிக்கு எழுதிய கடிதத்தில் என்ன நடந்தது? அப்புறம், யாரையெல்லாம் சேர்ப்பீர்கள்? புக்கானன் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. ஜெஃபர்சனின் மனைவி 1782-லேயே போய்விட்டார், அவர் அதிபரானது 1801-இல். ஃபில்மோரும் பெஞ்சமின் ஹாரிசனும் பதவி போன பிறகு மறுமணம் செய்தவர்கள். அந்த இரண்டாம் மனைவியரும் உண்டா?

ஏலப்பித்தன்:
பழுப்புத்தாள் அண்ணா, "காரியம் நடந்தது" என்பதையே அளவுகோலாக வைத்தால் நீங்கள்தான் மாட்டிக்கொள்வீர்கள். பழைய நிலப் பட்டாக்களை எடுங்கள். அதிபர் ஜாக்சன் காலத்தில் அவர் கையெழுத்துக்காகப் பட்டாக்கள் குவிந்துபோய், 1833-இல் சட்டமே போட்டு அந்த வேலையை ஒரு செயலாளரிடம் விட்டார்கள். அதற்குப் பிந்திய பட்டாவில் அதிபர் பெயர் பெரிதாக இருக்கும். அதன் கீழேயே, எழுதியவரின் பெயரும் இருக்கும். நிலம் கைமாறியது உண்மை, அதிபர் பேனாவைத் தொடவில்லை. இந்த இரண்டாவது வரியைப் படிக்காமல் வாங்கி ஏமாறுகிறவர்கள் நிறைய. 2011-இல் ஒபாமா பிரான்ஸில் இருந்தபோது ஒரு மசோதாவுக்கு ஆட்டோபென் இயந்திரம் கையெழுத்துப் போட்டது. அதுவும் சட்டமானது. உங்கள் ஆல்பத்தில் அதற்கு இடம் உண்டா?

பழுப்புத்தாள்:
இயந்திரத்துக்கு இடமில்லை. கையும் வேண்டும், காரியமும் வேண்டும். கென்னடி கடிதம் என்று வருவதில் பாதியை நான் நம்புவதில்லை. செயலாளர் போட்டது, இயந்திரம் போட்டது எல்லாம் அதில் கலந்து கிடக்கிறது. இரண்டு கையெழுத்தை ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் மயிரிழை பிசகாமல் பொருந்துகிறதா, இயந்திரம்தான். மனிதக் கை அப்படி இரண்டு தடவை எழுதாது. மனைவியர் பக்கம் மட்டும் சுத்தமா? கணவர் இறந்தபோது வந்த இரங்கல்களுக்கு நன்றி சொல்லி ஜாக்குலின் கென்னடி அனுப்பிய உறைகளில் இருப்பது அச்சடித்த கையெழுத்து.

மைக்கூடு:
அச்சடித்ததைச் சேர்க்க நானும் சொல்லவில்லை. மேரி லிங்கன் தன் கையால் எழுதினார், கடிதம் இலவசமாகப் போய்ச் சேர்ந்தது. கையும் காரியமும் கேட்டீர்களே, இரண்டும் இருக்கிறதே! வில்லியம் ஹென்றி ஹாரிசனை எடுங்கள். 1841 மார்ச் 4 பதவியேற்பு, ஏப்ரல் 4 மரணம். அந்த ஒரு மாதத்துத் தாளுக்காக எல்லோரும் ஆலாய்ப் பறக்கிறார்கள். மனைவி அன்னா ஒஹையோவிலிருந்து கிளம்பவே இல்லை, வெள்ளை மாளிகையைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. அவருக்கும் இந்தச் சலுகை வந்தது. கணவருடையதற்கு அத்தனை தவிப்பு, அவருடையது எனக்கு வேண்டாம் என்றால் எப்படி?

பழுப்புத்தாள்:
இரண்டாம் மனைவியர் பற்றிக் கேட்டதற்குப் பதில் வரவில்லை.

மைக்கூடு:
பெஞ்சமின் ஹாரிசனின் மேரி உண்டு. அதிபர் மனைவியாக அந்த மாளிகையில் ஒரு நாள்கூட இருக்காதவர்தான், ஆனாலும் அவருக்கும் காங்கிரஸ் இலவசத் தபால் கொடுத்தது. காங்கிரஸ் ஏற்றவரை நான் ஏன் தள்ள வேண்டும்?

பழுப்புத்தாள்:
சரி, உங்கள் ஆல்பத்தில் வையுங்கள். உறைக்கு மட்டும் சம்மதம். தேநீர் விருந்துக்கு நன்றி சொல்லி எழுதிய கடிதத்தை நான் காசு கொடுத்து வாங்குவதாக இல்லை.

ஏலப்பித்தன்:
அண்ணா வேண்டாம் என்பதை எனக்குத் தள்ளிவிடுங்கள்.