டிராகுலா நாவலுக்கு மிக நெருக்கமான திரைப்படம் எது?

கேள்வி: ரோஸ் ஹில், மொரீஷியஸ்

அனைவருக்கும் வணக்கம். பிராம் ஸ்டோக்கர் 1897இல் எழுதிய ‘டிராகுலா’வைச் சென்ற வாரம்தான் படித்து முடித்தேன். பிரெஞ்சில் குரல் மாற்றிய படங்களைப் பார்த்து வளர்ந்தவள் என்பதால், வெயில் பட்டால் அந்த இரத்தக்காட்டேரி சாம்பலாகிவிடும் என்றே இத்தனை காலமும் நம்பியிருந்தேன். நாவலிலோ அவர் லண்டனின் பிக்காடில்லியில் பட்டப்பகலில் நின்று ஒரு பெண்ணை உற்றுப் பார்க்கிறார். முதலில் வெள்ளை மீசைக் கிழவராக இருந்தவர் இரத்தம் குடிக்கக் குடிக்க இளமையாகிறார். சனிக்கிழமை உறவினர் கூடும்போது பார்க்க, புத்தகத்தைப் பெரிதும் மாற்றாத படம் ஒன்றைச் சொல்வீர்களா?

பதில்: கியூர்பிப்

வணக்கம் அம்மா. அந்த வெயில் முர்னாவ் இயக்கிய ‘நோஸ்ஃபெராட்டு’ என்ற 1922ஆம் ஆண்டின் ஜெர்மன் ஊமைப்படத்திலிருந்து வந்தது. உரிமை வாங்காமல், டிராகுலாவுக்கு ஓர்லோக் என்று பெயரை மாற்றி எடுத்ததால், ஸ்டோக்கரின் மனைவி ஃபுளோரன்ஸ் வழக்குத் தொடுத்தார். 1925இல் பிரதிகளை அழித்துவிட உத்தரவாயிற்று. சில பிரதிகள் தப்பின. அவற்றோடு, விடியல் ஒளியில் ஓர்லோக் மறையும் முடிவும் தப்பிவிட்டது. டிராகுலாவை வேட்டையாடும் வான் ஹெல்சிங்காக நடித்த பீட்டர் குஷிங் சன்னல் திரையைப் பிடுங்கி, இரண்டு மெழுகுவர்த்தித் தண்டுகளைச் சிலுவையாகப் பிடித்து, டிராகுலாவாக நடித்த கிறிஸ்டோபர் லீயை வெயிலுக்குள் தள்ளும் 1958ஆம் ஆண்டுப் படத்தையே தாங்கள் பார்த்திருக்கக்கூடும். நாவலில் உள்ள கப்பலும் அதில் இல்லை, இங்கிலாந்துப் பயணமும் இல்லை.

பதில்: போர்ட் லூயிஸ்

லூயி ஜூர்தான் டிராகுலாவாக நடித்து 1977இல் பிபிசி ஒளிபரப்பிய படத்தைப் பாருங்கள். கோட்டைச் சுவரில் டிராகுலா பல்லியைப் போலத் தலைகீழாக இறங்குவதை, அங்கே தங்கியிருக்கும் இளம் வழக்கறிஞர் ஜோனத்தன் சன்னலில் நின்று பார்க்கும் அந்தப் பக்கத்தை அப்படியே எடுத்திருக்கிறார்கள். கடலோரக் கல்லறைத் தோட்டக் காட்சிகளையும் நாவல் சொல்லும் விட்பி ஊருக்கே போய்ப் படமாக்கினார்கள். நாவலில் தோழிகளான லூசியும் மீனாவும் இதில் சகோதரிகள், லூசியை விரும்பும் ஆர்தரும் குவின்சியும் ஒரே ஆளாகிவிட்டார்கள் என்பவற்றை நான் பெரிய குறைகளாகக் கருதவில்லை. ஆனால் ஜூர்தான் தொடக்கத்திலிருந்தே இளமையாகத்தான் இருக்கிறார். தாங்கள் தேடும் வெள்ளை மீசைக் கிழவர் 1970இல் ஜெஸ் ஃபிராங்கோ இயக்கிய படத்தில் உண்டு. லீ மெல்ல மெல்ல இளமையாவதைத் தவிர அதில் பார்க்க அதிகம் இல்லை.

பதில்: பாம்ப்ளமூஸ்

ஐயா சொல்வதை முழுவதும் ஏற்க இயலவில்லை. நாட்குறிப்பு, கடிதம், தந்தி, செய்தித்தாள் துணுக்கு, ஒலிப்பதிவு உருளை என்று பலர் விட்டுச்சென்ற காகிதங்களைச் சேர்த்துக் கட்டியதுதான் அந்த நாவல். கோட்டையை விட்டுக் கிளம்பிய பின் டிராகுலா நேரில் தோன்றும் இடங்கள் மிகக் குறைவு. 1992இல் கொப்போலா எடுத்த படத்தில்தான் அந்தக் குரல்கள் ஓரளவு கேட்கின்றன. டிராகுலாவாக நடிக்கும் கேரி ஓல்ட்மன் கிழவராக வந்து இளைஞராகிறார், பகலில் லண்டன் தெருவில் நடக்கிறார், கூர்க்காக்களின் குக்ரிக் கத்தி கழுத்திலும் குவின்சியின் கத்தி நெஞ்சிலும் பாய்கின்றன. இவை யாவும் நாவலில் உள்ளவை. குறை ஒன்றுதான். மீனாவை டிராகுலாவின் முற்பிறவி மனைவியாக்கி, நம் தமிழ்ப் படங்களிலேயே பார்த்துச் சலித்த பூர்வஜென்மக் காதலை நடுவில் நுழைத்துவிட்டார்கள். நாவலில் அவர் மீனாவின் இரத்தத்தைக் குடிப்பது காதலால் அன்று. தம்மைத் துரத்துபவர்களைப் பழிவாங்கவே.

கேள்வி கேட்டவர்:

அனைவருக்கும் நன்றி. காதல் இல்லாத 1977ஆம் ஆண்டுப் படத்தையே இந்தச் சனிக்கிழமைக்கு வைத்துக்கொள்கிறேன். கொப்போலாவைப் பிறகு தனியாகப் பார்ப்பேன். ஹொலாண்டா புயலுக்குப் பின் 1994இல் மின்சாரமில்லாத இரவுகளில், இங்கே வதந்தியாகப் பரவிய துனி மின்வி என்ற இரவுப் பூதம் வருகிறான் என்ற பேச்சைக் கேட்டுச் சன்னல் இடுக்கில் துணி திணித்தவர் என் தாயார். சுவரில் இறங்கும் காட்சி வரும்போது அவரைச் சமையலறைக்கு அனுப்ப வேண்டியிருக்கும். அது படத்தில் எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்று யாரேனும் சொன்னால் உதவியாக இருக்கும்.