இயேசு நமக்காக வேண்டுறார்னா பிதாவுக்கு மனசு இல்லையா?

மஞ்சக்குப்பம்_மருமக:
நான் வில்லியனூர் லூர்து மாதா கோயில் பக்கம், கத்தோலிக்க வீடு, வாக்கப்பட்டது கடலூர்ல ஏ.எல்.சி (ஆற்காடு லுத்தரன் சபை) குடும்பம். மாதாகிட்ட எதுக்கு கேக்கணும், இயேசு ஒருத்தர்தான் மத்தியஸ்தர்னு மாமியார் 1 தீமோத்தேயு 2:5 எடுப்பாங்க, அந்த சண்டைக்கு நான் வரல. என் டவுட் வேற. ரோமர் 8:34, எபிரெயர் 7:25 ரெண்டுலயும் இயேசு நமக்காக வேண்டுதல் செய்றார்னு இருக்கு, ஆனா யோவான் 16:26ல அவரே உங்களுக்காக பிதாகிட்ட கேப்பேன்னு நான் சொல்லல, பிதாவே உங்கள நேசிக்கிறார்ங்கறாரு. அப்ப எது? எம்எல்ஏ லெட்டர் இருந்தாதான் ஆபீசர் நிமிந்து பாப்பாருங்கற கதையா?

கெடிலம்_கரை:
அக்கா, ரோமர் 8:34க்கு ரெண்டு வசனம் முன்னாடி பாருங்க, சொந்த குமாரனயே ஒப்புக்கொடுத்தது பிதாதான். அவரப் போய் யாரு சமாதானம் பண்றது? எபிரெயர்ல பேச்சே ஆசாரியர் பத்தி, லேவியராகமம் 16ல பிரதான ஆசாரியன் வருஷத்துக்கு ஒருநாள் ரத்தத்தோட மகா பரிசுத்த ஸ்தலத்துக்கு உள்ள போவான், அப்புறம் அவனும் செத்துடுவான் அடுத்தவன் வருவான். இயேசுவுக்கு சாவு இல்ல, அவர் பிதா முன்னாடி இருக்கறதே வேண்டுதல்தான். முட்டிபோட்டு கைய நீட்டி கெஞ்சுறார்னு நெனைக்காதீங்கன்னு புராட்டஸ்டண்ட் சீர்திருத்தவாதி கால்வினே ரோமர் விளக்கத்துல எழுதியிருக்காரு. நம்ம பிரசங்கியார்ங்க சிலபேரு அத அழுது நடிச்சே காட்டுவாங்க, எனக்கு சுத்தமா ஆகாது.

பாண்டி_செபமாலை:
சும்மா இருக்கறதே வேண்டுதல்னு முடிச்சிட்டா லூக்கா 22:32 என்னாவுறது தம்பி? உன் விசுவாசம் ஒழிஞ்சு போகாம இருக்க உனக்காக வேண்டிக்கிட்டேன்னு சீமோன் பேதுருகிட்ட வாய்விட்டே சொல்றாரு. அன்னைக்கு ராத்திரியே பேதுரு மூணு தடவ மறுதலிக்கிறாரு, அப்ப வேண்டுதல் தோத்துப்போச்சான்னா இல்ல, அவர் விழவே கூடாதுன்னு கேக்கல, நீ திரும்பி வந்ததும் சகோதரர்கள பலப்படுத்துன்னு சேத்தே சொல்லிட்டாரு, விழறது தெரிஞ்சுதான் வேண்டுறாரு. நமக்கு நடக்குறதும் அதான்.
அப்புறம் மாமியார்கிட்ட சொல்லுங்க, அவங்க எடுக்குற அதே 1 தீமோத்தேயு 2ம் அதிகாரம் முதல் வசனத்துலதான் எல்லாருக்காகவும் மன்றாடுங்கன்னு பவுல் சொல்றாரு. மாதாகிட்டயும் 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்'னுதான சொல்றோம்.

கெடிலம்_கரை:
உயிரோட இருக்கவங்கள ஜெபிக்க சொல்றது வேற பிரதர். அக்காதான் அந்த சண்டை வேணாம்னாங்களே 😀 பேதுரு பாயின்ட் கரெக்ட், ஒத்துக்குறேன்.

மஞ்சக்குப்பம்_மருமக:
யோவான் 16ல கேப்பேன்னு சொல்லலன்னுட்டு 17 முழுக்க சீஷர்களுக்காக கேக்குறாரே! அப்ப பிதாவுக்கு மனசில்லாம கேக்கல, ரெண்டு பேருக்கும் ஒரே மனசுதான்னு வருது. சரி, ரோமர் 8:26ல ஆவியானவரும் வேண்டுறார்னு இருக்கே, அது தனியா?

கெடிலம்_கரை:
தனி இல்லக்கா. என்ன கேக்கணும்னே தெரியாதப்ப ஆவியானவர் நமக்குள்ள இருந்து பெருமூச்சோட வேண்டுறாரு, இயேசு பிதாவோட வலதுபக்கத்துல. 27ம் வசனத்தையும் சேத்து படிங்க.