புதுப்பிப்பு: குன்னூரில் நிறுத்திவைத்த காரின் பேட்டரி இறங்கிய காரணம்

இரண்டு நாள் நிறுத்தினாலே பேட்டரி இறங்கிவிடுகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி. இன்ஜின் ஓடும்போது 14.2 வோல்ட் வந்ததால், பேட்டரிக்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டரில் பழுதில்லை. பேட்டரியின் நெகட்டிவ் முனையில், மின்னோட்டத்தை அளக்கும் மல்டிமீட்டரைத் தொடராக இணைத்து, காரைப் பூட்டி, அரை மணி நேரம் பொறுத்து அளக்கச் சொன்ன நண்பரின் வழியே பலன் தந்தது. 50 மில்லிஆம்பியருக்குள் இருக்க வேண்டிய மின்னோட்டம் 400-ஐத் தாண்டியிருந்தது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றிவந்தபோது, டிக்கி விளக்கின் ஃபியூஸை எடுத்ததும் மின்னோட்டம் சட்டென்று இறங்கியது. இந்த ஊர்ப் பனியீரத்தில் துருவேறிய சுவிட்ச் ஒட்டிக்கொண்டு, மூடிய டிக்கிக்குள் விளக்கு எரிந்தபடியே இருந்திருக்கிறது.

எதிர்பாராதது ஒன்று: சுவிட்சை மாற்றிய பின்னும் பேட்டரி 12.2 வோல்ட்டிலேயே நின்றது. மார்க்கெட் வரை போய்வரும் குறுகிய ஓட்டம், இழந்த மின்னேற்றத்தைக் குளிரில் ஈடுசெய்யப் போதாது. இரவு முழுவதும் சார்ஜரில் போட்ட பிறகே, முழு மின்னேற்றத்தைக் காட்டும் 12.6 வோல்ட்டில் நிலைத்தது.