55 யூனிட் மின்சாரத்தில் ஹைட்ரஜன் காருக்கு 100 கிலோமீட்டர்தானா?

பேட்டரிப்பித்தன்:
ஹைட்ரஜன் காரைப் புகழ்கிறவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் பாருங்கள். தண்ணீரைப் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்கச் சுமார் 55 யூனிட் மின்சாரம் வேண்டும். அந்த ஒரு கிலோவில் டொயோட்டாவின் ஹைட்ரஜன் காரான மிராய் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் ஓடும். அதே 55 யூனிட்டை பேட்டரியில் ஏற்றினால் நல்ல மின்சார கார் 300 கிலோமீட்டர் போய்விடும். வாயுவை 700 பார் (bar) அழுத்தத்தில், அதாவது காற்றழுத்தத்தைப் போல் சுமார் 700 மடங்கில், தொட்டிக்குள் அடைக்கும் செலவை நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

நெடுஞ்சாலை:
யூனிட்டுக்குக் கணக்குப் போட்டீர்கள், நேரத்துக்கு யார் போடுவது? ஐந்து நிமிடத்தில் நிரப்பிக்கொண்டு கிளம்பலாம். பின்னால் வெளியேறுவது தண்ணீர் மட்டும். 2022இல் அமைச்சர் கட்கரியே மிராயில்தான் நாடாளுமன்றம் போனார்.

பேட்டரிப்பித்தன்:
அமைச்சர் பங்க் தேடி அலைய வேண்டியதில்லையே! கலிஃபோர்னியாவில் ஷெல் நிறுவனம் கார்களுக்கான தன் ஹைட்ரஜன் நிலையங்கள் அத்தனையையும் 2024 பிப்ரவரியில் மூடிவிட்டது. அங்கே விலை கிலோ 36 டாலர் வரை ஏறியது. மிராய் தொட்டி கொள்வது 5.6 கிலோ, அதாவது ஒருமுறை நிரப்ப 200 டாலர். டொயோட்டா காருடன் 15,000 டாலர் எரிபொருள் அட்டையையும் சும்மா கொடுத்தது. மாப்பிள்ளைக்குக் காரும் வாங்கிக் கொடுத்து, பெட்ரோலுக்கும் மாமனாரே பணம் கட்டுவது போல.

சான் ஹோசேவாசி:
அதே கலிஃபோர்னியாவில் நான் மிராய் வைத்திருக்கிறேன். வண்டியைக் குறை சொல்ல மாட்டேன், அவ்வளவு அமைதி. அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வாயுவை மைனஸ் 40 டிகிரி வரை குளிர்வித்துத்தான் ஏற்றுகிறார்கள். ஈரக் காற்றடிக்கும் நாளில் குழாய்முனை காருடன் உறைந்து ஒட்டிக்கொள்ளும். அது இளகும்வரை நானும் நிற்பேன், எனக்குப் பின்னால் நான்கு பேரும் நிற்பார்கள்.

நெடுஞ்சாலை:
சரி, காரை விடுகிறேன். நெடுந்தூர லாரிக்கு எத்தனை டன் பேட்டரி ஏற்றுவீர்கள், சரக்கை எங்கே வைப்பீர்கள்? சென்னை ஐசிஎஃப்பில் 2025இல் ஹைட்ரஜன் ரயில் பெட்டியைச் சோதித்தார்களே, அவர்களுக்கும் கணக்குத் தெரியாதா?

பேட்டரிப்பித்தன்:
ஜெர்மனியின் கீழ்ச் சாக்சனி மாநிலம் 2022இல் ஹைட்ரஜன் ரயில்களை ஓட்டியது. அடுத்த ஆண்டே, இனி வாங்குவது பேட்டரி ரயில்கள்தான் என்று முடிவெடுத்தது. லாரி விஷயத்தில் உங்களுடன் பாதி தூரம் வருகிறேன். ஆனால் இன்று உலகில் கிடைக்கும் ஹைட்ரஜனில் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வருகிறது. எரிவாயு வழியில் ஒரு கிலோ எடுத்தால் ஒன்பது கிலோவுக்குக் குறையாமல் கார்பன் டைஆக்சைடு வெளியேறும். பின்னால் தண்ணீர் சொட்டுவதை மட்டும் காட்டாதீர்கள்.

நெடுஞ்சாலை:
நிலக்கரி மின்சாரத்தில் ஏறும் உங்கள் பேட்டரி மட்டும் சுத்தமா?

சான் ஹோசேவாசி:
நீங்கள் இருவரும் பேசிக்கொண்டிருங்கள். என் மிராயை விற்கப் போகிறேன். பாதித் தொட்டி இருக்கிறது. அதுவே நூறு டாலர்.