ஹெரால்டு டேங்க் ஓட்டை: பழசையே பத்தவைக்கவா, எஸ்எஸ்ல (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல) புதுசா அடிக்கவா?

ஹெரால்டு69:
வணக்கம் மக்களே. வண்டி 69 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார், நம்ம மெட்ராஸ்லயே அடிச்சது, அப்பா வாங்கினது. ஒரு மாசமா உள்ள பெட்ரோல் வாடை தாங்கல. இதுல பெட்ரோல் டேங்க் அடில தொங்காது, டிக்கிக்குள்ளயே இடது பக்கமா உக்காந்திருக்கும், கசிஞ்சா வாடை நேரா பின்சீட்டுக்குத்தான். நேத்து கழட்டி அடி மூலைல ஸ்க்ரூடிரைவர வச்சு லேசா அமுக்கினேன், அப்பளம் மாதிரி பொத்துக்கிட்டு உள்ள போயிடுச்சு. டார்ச் அடிச்சு பாத்தா டீத்தூள் கொட்டின மாதிரி துரு. பட்டறைக்காரர் மூலைய வெட்டி தகடு வச்சு ஈயம் பத்தவச்சு உள்ள சீலர் (கசிவ அடைக்கிற பூச்சு) ஊத்தித் தரேன், 3,500 ஆகும்ங்கிறார். இன்னொருத்தர் 304 எஸ்எஸ்ல புதுசாவே அடிச்சுடலாம், 11,000ங்கிறார். எதுவா இருந்தாலும் வெளிய கறுப்பு பவுடர் கோட்டிங் (பெயிண்ட் தூள தெளிச்சு அடுப்புல சுடுறது) போடணும்னு ஆசை. சொல்லுங்க.

பழைய இரும்பு:
தம்பி, ஒரிஜினல மட்டும் தூக்கிப் போட்றாதீங்க. அந்தக் கால டேங்க் சும்மா தகரம் இல்ல, ஈயமும் வெள்ளீயமும் கலந்து முலாம் பூசின தகடு, அதான் இத்தன வருஷம் நின்னுருக்கு. பக்கத்துல மேடு பள்ளம் அழுத்தி விட்டிருப்பான், உள்ள தடுப்புத் தகடு இருக்கும், மேல ரிசர்வ் லீவர் இருக்கும். இப்ப பட்டறைல அடிக்கிறது எல்லாம் எண்ணெ டின்னு மாதிரி சப்பையா இருக்கு, ஸ்பீடு பிரேக்கர்ல ஏறி இறங்கினா டம்மு டம்முன்னு அடிக்கும். டிக்கிய திறந்ததும் பளபளன்னு சோத்துப் பானை மாதிரி ஒண்ணு நின்னா அது ஹெரால்டா?

கோவை ஆர்கான்:
அண்ணே இத்தன வருஷம் நின்னது அந்தக் காலத்து பெட்ரோல்ல. இப்ப பங்க்ல வர்றது இ20, 20 சதவீதம் எத்தனால். அது காத்துல இருக்கிற ஈரத்த இழுக்கும், வண்டி ரெண்டு மாசம் ஷெட்ல நின்னா தண்ணி பிரிஞ்சு அடில தங்கும், துரு மறுபடி அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். நம்ம மாதிரி ஆளுங்க வண்டிய எடுக்கிறதே மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கிழமை. சீலர் கதையும் எனக்கு தெரியும், என் பியட்ல ஊத்தினேன், பேர் வேணாம், ஒன்றரை வருஷத்துல பாலாடை மாதிரி உரிஞ்சு, டேங்க்லேர்ந்து பெட்ரோல உறிஞ்சுற பிக்கப் பைப் வாயில போய் ஒட்டிக்கிச்சு. வண்டி 5 நிமிஷம் ஓடும் நிக்கும், ஆஃப் பண்ணா ஆடை விழுந்துரும், மறுபடி ஓடும். பம்பு கார்புரேட்டர் எல்லாத்தையும் மாத்தின அப்புறம்தான் காரணமே தெரிஞ்சது. எஸ்எஸ் அடிங்க, முடிஞ்சுது.

பழைய இரும்பு:
உரிஞ்சது சீலர் தப்பு இல்ல தம்பி, துரு மேல ஊத்தின கை தப்பு. உள்ள சுத்தமா துரு எடுத்து சொட்டு ஈரம் இல்லாம காயவச்சு ஊத்தணும், மழைக்காலத்துல ஊத்தினா எந்த கம்பெனி சரக்கும் நிக்காது. எஸ்எஸ்க்கு மட்டும் நோவே வராதா? வெல்டிங் பக்கத்துல சூடு பட்ட இடம் வண்டி அதிர்ற அதிர்வுல முடி மாதிரி விரிசல் விடும், நானே ரெண்டு பாத்துட்டேன்.

கோவை ஆர்கான்:
ஒத்துக்கறேன், ஆனா அது மெலிசு தகட்ட வச்சு பின்பக்கம் ஆர்கான் கேஸ் விடாம வெல்டிங் பண்ணா வர்றது. 18 கேஜ் கனத்துல தகடு போட்டு, ஓரத்த மடிச்சு, உள்ள ரெண்டு தடுப்பு வச்சா ஏன் விரியுது? தடுப்பு இல்லாம அடிச்சா வளைவுல பெட்ரோல் ஒரு பக்கமா ஓடி இன்ஜின் திக்கும், அத கேட்டு வாங்குங்க.

மதுரக்காரன்:
ஏங்க இவ்ளோ யோசிக்கிறீங்க, ஜிஐ ஷீட்ல (துத்தநாகம் பூசின தகடு) அடிச்சா பாதி காசு, துருவும் பிடிக்காதுல்ல?

கோவை ஆர்கான்:
மாப்ள வேணாம். எத்தனால் பெட்ரோல் துத்தநாகத்த அரிக்கும், வெள்ளையா மாவு மாதிரி வந்து கார்புரேட்டர் ஜெட்ட அடைக்கும். வாளிக்குதான் ஜிஐ.

யாழ் ஏ40:
எங்கட பக்கம் உந்த 20 வீத எத்தனால் இன்னும் வரேல்லை, அதால பழைய டாங்கையே வச்சிருக்கிறம். எங்கட ஆஸ்டின் ஏ40 தொண்ணூறுகளில சண்டை நேரம் பெட்ரோல் தடை இருக்கேக்க மண்ணெண்ணெயில ஓடின கார், ஸ்டார்ட் பண்ண மட்டும் கொஞ்சம் பெட்ரோல், அந்த டாங்க் உள்ளுக்கு இண்டைக்கும் துரு இல்லை, எண்ணெய்ப் பசைதான் காப்பாத்தியிருக்கு எண்டு நினைக்கிறன். ஒண்டு மட்டும் சொல்லுறன் தம்பி, பத்த வைக்கிறதெண்டால் முதல் நல்லாக் கழுவுங்கோ. சோப்புத் தண்ணியால நாலைஞ்சு தரம் கழுவி, பத்த வைக்கிற இடம் மட்டும் வெளிய தெரியத் தண்ணி நிரப்பிப்போட்டுத்தான் நெருப்பைக் கிட்டக் கொண்டு போகவேணும். பெட்ரோல் இருக்கிற டாங்கை விட வெறும் டாங்க்தான் வெடிக்கும், உள்ளுக்கு நிக்கிறது முழுக்க ஆவி.

பழைய இரும்பு:
யாழ் அண்ணன் சொன்னது நூத்துக்கு நூறு. பவுடர் கோட்டிங்க யாருமே கண்டுக்கல பாருங்க. அதுக்கு அடுப்புல 180, 200 டிகிரில வேகவைப்பான், பத்தவைக்கிற ஈயக் கலவை 183லயே உருக ஆரம்பிச்சுரும். பத்தவச்ச டேங்க உள்ள விட்டா வெளிய வரும்போது தையல் பிரிஞ்ச சாக்கு மாதிரி வரும். பழசுன்னா கையால பெயிண்ட் மட்டும்தான்.

கோவை ஆர்கான்:
இதுல மட்டும் அண்ணன் கட்சி. எஸ்எஸ்க்கு பவுடர் போடலாம், ஆனா சும்மா வழவழன்னு இருக்கிற மேல எதுவும் நிக்காது, எமரி போட்டு கீறிவிட்டு பெயிண்ட் பிடிக்க எட்ச் பிரைமர் அடிச்சுட்டு மங்கின கறுப்பு ஸ்ப்ரே பண்ணாலே போதும், பானை மாதிரியும் தெரியாது. வாங்கும்போது காத்து விட்டு செக் பண்ணுங்க, ஆனா 3 பிஎஸ்ஐக்கு மேல வேணாம். டேங்கோட ஓரடிக்கு ஒன்றரை அடி பக்கத் தகட்டுல 3 பிஎஸ்ஐன்னாலே கிட்டத்தட்ட 300 கிலோ தள்ளும், டயருக்கு விடுற மாதிரி விட்டா பலூன் ஆயிடும். சோப்பு நுரை தடவி பாத்தா தெரிஞ்சுரும்.

ஹெரால்டு69:
மூணு வாரம் கழிச்சு வரேன், மன்னிக்கணும். அடி முழுக்க சல்லடை, மூலைய மட்டும் வெட்டினா பத்தாதுன்னு பட்டறைக்காரரே கைய விரிச்சுட்டார், அதனால எஸ்எஸ். பழச அளவுக்கு வச்சுத்தான் அடிச்சாங்க, ரிசர்வ் லீவரையும் கழட்டி இதுல மாட்டியாச்சு, மங்கின கறுப்பு, டேங்க இறுக்கிப் பிடிக்கிற ஸ்ட்ராப்புக்கு அடில ரப்பர் பட்டை, பழைய ஹோஸ் எல்லாம் எத்தனால் தாங்குற ஹோஸா மாத்தியாச்சு. வாடை சுத்தமா இல்ல. ஆனா 15 லிட்டர் ஊத்தியும் மீட்டர் முள்ளு எம்ப்டிய விட்டு அசைய மாட்டேங்குது. டேங்க்லேர்ந்து பெட்ரோல் அளவ மீட்டருக்கு அனுப்புற சென்டர் (sender) யூனிட் புதுசு வாங்கணுமா?

பழைய இரும்பு:
ஒண்ணும் வாங்காதீங்க. சென்டர் யூனிட்டுக்கு எர்த் டேங்க் வழியாதான் வருது. நீங்க பெயிண்டும் அடிச்சு ரப்பரும் வச்சு அத மொத்தமா மூடிட்டீங்க. சென்டர் யூனிட் ஸ்க்ரூ ஒண்ணுலேர்ந்து பாடிக்கு ஒரு ஒயர் போடுங்க, பாடி பக்கம் பெயிண்ட சுரண்டிட்டு. சாவிய ஆஃப் பண்ணி டிக்கி வாடை போன அப்புறமா பண்ணுங்க.

ஹெரால்டு69:
அண்ணே முள்ளு பாதிக்கு ஏறிருச்சு!! பழைய டேங்க் மாடில இருக்கு, வீட்டுக்காரம்மா காயலான் கடைக்கு போடச் சொல்றாங்க.

பழைய இரும்பு:
போட்றாதீங்க, நான் வந்து எடுத்துக்கறேன்.