செனிகா வெள்ளை மான்களைக் காத்தது வேலியா, ஆணையா?

கானகத்தான்:
நேற்று இங்கே ஒருவர், "உலகின் மிகப் பெரிய வெள்ளை மான் கூட்டத்தை அமெரிக்க இராணுவம் கருணையோடு காப்பாற்றியது" என்று எழுதியிருந்தார். அதைப் பலரும் பாராட்டியிருந்தீர்கள். படித்துவிட்டு எனக்குத் தூக்கம் வரவில்லை. நியூயார்க் மாநிலத்தில் செனிகா, கயூகா என்ற இரண்டு ஏரிகளுக்கு நடுவே, ரோமுலஸ் ஊரை ஒட்டி இருந்த செனிகா ஆயுதக் கிடங்கைப் பற்றித்தான் பேச்சு. 1941இல் பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் நிலத்தை எடுத்துக்கொண்டு, சுற்றிலும் 24 மைல் நீளத்துக்கு வேலி போட்டார்கள். குண்டுகளைக் காக்கப் போட்ட வேலி அது, மான்களைக் காக்க அல்ல. அந்த நிலத்தில் மேய்ந்துகொண்டிருந்த வெள்ளைவால் மான்கள் உள்ளே மாட்டிக்கொண்டன. சிலவற்றின் உடலில் வெள்ளை நிறத்துக்கான மரபணு ஒளிந்திருந்தது. வெளியிலிருந்து புது இரத்தம் வராததால் தலைமுறைகள் போகப் போக அது வெளிப்பட்டது. இவ்வளவையும் செய்தது வேலி. இராணுவத்துக்கு எதற்கு மாலை?

ஏரிக்கரையான்:
அந்த வரியை எழுதியவன் நான்தான். பெயரைச் சொல்லியே கேட்டிருக்கலாம், ஒளிவு எதற்கு? வேலி என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். வேலி 1941இல் வந்தது. முதல் வெள்ளை மான் கண்ணில் பட்டது 1949இல். அதன் பிறகு, 1950களில், கிடங்கின் தளபதி "வெள்ளை மானை ஒருவரும் சுடக்கூடாது" என்று படைவீரர்களுக்கு ஆணையிட்டார். வேலிக்குள் இருந்தவர்கள் யார்? துப்பாக்கி தூக்கிய ஆட்கள். வேட்டையில் ஊறிய ஊர் அது. பழுப்பு நிறக் காட்டில் ஒரு வெள்ளை மான் நின்றால் அரை மைல் தூரத்திலிருந்தே தெரியும். முதல் தோட்டா அதற்குத்தான் போயிருக்கும். வேலி ஒரு மானையும் காப்பதில்லை ஐயா. துப்பாக்கியைத் தாழ்த்தச் சொன்ன ஆணைதான் காத்தது.

நெய்தல்:
உயிரியல் ஆசிரியையாக ஒன்று சொல்கிறேன். இவை முழு நிறமியிழப்பு (அல்பினிசம்) உள்ள மான்கள் அல்ல. அவற்றுக்குக் கண் இளஞ்சிவப்பாக இருக்கும், பார்வையும் மங்கலாக இருக்கும். செனிகா மான்களின் கண்கள் பழுப்பு நிறம். உரோமத்தில் மட்டுமே நிறம் இல்லை. அந்த மரபணு ஒடுங்கு வகையைச் சேர்ந்தது, தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும். அதனால் இரண்டு பழுப்பு மான்களுக்கு வெள்ளைக் குட்டி பிறக்கலாம், இரண்டு வெள்ளை மான்களுக்கு வெள்ளைக் குட்டிதான் பிறக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு, "காப்பது" என்றால் என்ன என்று இருவரும் முதலில் சொல்லுங்கள். நிறத்தைக் காப்பதா, கூட்டத்தைக் காப்பதா, நிலத்தைக் காப்பதா? மூன்றும் வேறு வேறு.

கானகத்தான்:
அம்மா, உங்கள் பாடத்துக்கு நன்றி. நம் நண்பர் கேள்வியைத் திசை திருப்பிவிட்டார், அங்கே வருகிறேன். அந்த ஆணை எங்கே செல்லுபடியானது? வேலிக்கு உள்ளே. ஒரு வெள்ளை மான் வேலியைத் தாண்டி ஒரு அடி எடுத்து வைத்தால் தளபதியின் ஆணைக்கு என்ன மதிப்பு? நியூயார்க் மாநிலச் சட்டத்தில் வெள்ளை மானுக்குத் தனிப் பாதுகாப்பே கிடையாது. பருவத்தில் உரிமம் வைத்திருப்பவர் சுடலாம். விஸ்கான்சின், அயோவா மாநிலங்களில் வெள்ளை மானைச் சுடக்கூடாது என்று சட்டமே இருக்கிறது, நியூயார்க்கில் இல்லை. ஆகவே வேலி இல்லாமல் ஆணை இல்லை. வேலி, வேலி, வேலி.

ஏரிக்கரையான்:
மூன்று முறை எழுதினால் உண்மையாகிவிடாது. நான் 2018 இலையுதிர் காலத்தில் அங்கே போயிருக்கிறேன். இங்கே வேறு யாராவது போயிருக்கிறீர்களா? பேருந்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பாதையின் இரு பக்கமும் மண் மூடிய ஆயுத அறைகள், பனிக்கட்டி வீடு போல வளைந்த கூரையோடு. மொத்தம் 519. புல் முளைத்த அந்த மேடுகளுக்கு இடையே ஒரு பெண் மான் எழுந்து நின்றது. பால் போன்ற வெள்ளை என்று சொல்வார்கள், அது பொருந்தாது. வெளுத்த துணி மங்கலான வெளிச்சத்தில் கொடியில் ஆடுவது போல இருந்தது. பேருந்தில் ஒருவரும் பேசவில்லை. பக்கத்து இருக்கையில் இருந்த முதியவர் தொப்பியைக் கழற்றினார். அந்தக் காட்சிக்காக நான் அந்தத் தளபதிக்கு நன்றி சொல்வேன். அவர் ஒரு வரி ஆணை எழுதாமல் இருந்திருந்தால் நான் பார்த்திருக்க முடியாது.

தச்சன்:
நன்றி சொல்லுங்கள், தாராளமாகச் சொல்லுங்கள். 1941இல் அந்த நிலத்தில் உழுது வாழ்ந்த விவசாயக் குடும்பங்களை மிகக் குறுகிய கால அவகாசத்தில் வீடு, களம், அறுவடை எல்லாவற்றையும் விட்டுக் கிளப்பினார்களே, அவர்களுக்கு யார் நன்றி சொன்னார்கள்? அதற்கும் முன்னால் அது செனிகா, கயூகா என்ற பூர்வகுடி மக்களின் நிலம். 1779இல் சல்லிவன் தலைமையில் வந்த அமெரிக்கப் படை, ஏரிக்கரையில் இருந்த கெண்டாயா ஊரையும் அதன் ஆப்பிள் தோட்டங்களையும் அழித்தது. அந்த ஊர் இருந்த இடம் இந்தக் கிடங்குக்கு அருகில்தான். மனிதர்களைத் துரத்திவிட்டு மானைக் காத்த கதையை இவ்வளவு பெருமையாகச் சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வருகிறது?

ஏரிக்கரையான்:
தச்சன், மான்களா அந்தக் குடும்பங்களைத் துரத்தின? நீங்கள் ஒவ்வொரு இழையிலும் இதைத்தான் செய்கிறீர்கள். சென்ற மாதம் வெள்ளைப் புலி பற்றிப் பேசியபோதும் நடுவில் நுழைந்து மத்தியப் பிரதேசத்து ரேவா மன்னரின் வரிவசூலைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினீர்கள்.

தச்சன்:
எழுதினேன், இன்றும் எழுதுவேன். 1951இல் ரேவா காட்டில் மோகன் என்ற ஒரே ஒரு வெள்ளைப் புலிக்குட்டியைப் பிடித்து, அதை அதன் மகளோடு சேர்த்து, விலங்குக் காட்சிசாலைகளுக்கு நிறைத்துக் கொடுத்தார்கள். மாறுகண், பிறவிக் குறைபாடு எல்லாம் அதன் வாரிசுகளிடம் வந்தன. வெள்ளை என்பதற்காக ஒரு விலங்கைக் கொண்டாடினால் அது அங்கேதான் போய் முடியும். அன்று இதைச் சொன்னதற்கு என்னை "அழகை இரசிக்கத் தெரியாதவர்" என்று எழுதியது நீங்கள்தானே? நான் மறக்கவில்லை.

நெய்தல்:
புலியையும் மானையும் ஒரே கயிற்றில் கட்டாதீர்கள். மோகனின் வாரிசுகளைக் கூண்டுக்குள் வைத்து மனிதர்கள் இணை சேர்த்தார்கள். செனிகாவில் பழுப்பும் வெள்ளையும் கலந்தே மேய்ந்தன, தாங்களே இணை தேடின. ஆனால் ஒன்று உண்மை. பழுப்பு மான்களை வேட்டையாட விட்டு வெள்ளை மான்களை விட்டுவைத்தால் அதுவும் ஒரு தேர்வுதான். அந்த அளவுக்கு ஆணைக்கும் பங்கு உண்டு, வேலிக்கும் பங்கு உண்டு.

ஏரிக்கரையான்:
பார்த்தீர்களா, ஆசிரியையே ஒப்புக்கொள்கிறார். ஆணைதான்.

கானகத்தான்:
அவர் வேலிக்கும் பங்கு உண்டு என்று எழுதியிருக்கிறார். பாதி வரியைப் படித்துவிட்டு வெற்றி முரசு கொட்டுகிறீர்கள்.

நெய்தல்:
நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. நான் கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

ஊர்க்குருவி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். 1983 கோடையில் அந்தக் கிடங்கின் வாசலில் பெண்கள் அமைதி முகாம் போட்டு, அணு ஆயுதம் இங்கே இருக்கிறது என்று போராடினார்களே, அதை ஏன் ஒருவரும் பேசவில்லை? இராணுவம் இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பின்னால் அந்த இடம் மத்திய அரசின் நச்சுக்கழிவுத் துப்புரவுப் பட்டியலில் வேறு சேர்ந்தது. மானைக் காத்த அதே கைகள்தான் மண்ணையும் கெடுத்தன.

ஏரிக்கரையான்:
அந்தப் பெண்கள் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் இங்கே பேசுவது மானைப் பற்றி. ஒரு வேலை செய்கிறேன், நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், யாராவது மறுக்க முடிந்தால் மறுக்கட்டும். கிடங்கு 2000இல் மூடப்பட்டது. தளபதி போனார், ஆணை போனது. வேலி அங்கேயே நின்றது. கானகத்தான் சொல்வது சரியென்றால், வேலி நின்றதால் மான்களும் நலமாக இருந்திருக்க வேண்டும். நடந்தது என்ன? ஒரு காலத்தில் இருநூறுக்கு மேல் என்று பேசப்பட்ட வெள்ளை மான்கள், 2017இல் செய்திகளில் நூறுக்கும் கீழே வந்துவிட்டன. வேலி இருந்தது, மான்கள் குறைந்தன. இதற்கு என்ன பதில்?

கானகத்தான்:
பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. எந்த வேலி நின்றது? பராமரிப்பு இல்லாமல் துருப்பிடித்து, மரம் விழுந்து, ஓட்டை விழுந்த வேலி. அந்த ஓட்டை வழியாக மான்கள் வெளியே போயின, ஓநாய் இனத்தைச் சேர்ந்த கொயோட்டிகள் உள்ளே வந்தன. கொயோட்டிக்குத் தளபதியின் ஆணையைப் படிக்கத் தெரியாது. வேலி கெட்டது, மான்கள் குறைந்தன. நான் ஆரம்பத்திலிருந்து சொல்வதை நீங்களே நிரூபித்துவிட்டீர்கள்.

ஏரிக்கரையான்:
வேலியைப் பராமரிக்க ஆள் இல்லாததால்தானே கெட்டது? பராமரிக்கச் சொல்ல ஒரு மனிதன் வேண்டும். மனிதனின் முடிவு. ஆணை. கம்பி தானாகத் தன்னைப் பின்னிக்கொள்ளாது. 2016இல் ஏர்ல் மார்ட்டின் என்ற உள்ளூர்த் தொழிலதிபர் ஏறத்தாழ 7,000 ஏக்கரை 9 இலட்சம் டாலருக்கு ஏலத்தில் எடுத்தார். மான்களுக்கு இடம் விட்டு வைப்பேன் என்றார். அதுவும் ஒரு மனிதனின் முடிவுதான். செனிகா வெள்ளை மான் அமைப்பினர் ஆண்டுக்கணக்கில் கதவு கதவாகத் தட்டி, 2017 நவம்பரில் பொதுமக்களுக்குச் சுற்றுலா தொடங்கினார்கள். அதுவும் மனிதர்கள். வேலியா போய்க் கதவைத் தட்டியது?

தச்சன்:
அந்தச் சுற்றுலா 2019 முடிவில் நின்றுபோனதையும் சேர்த்து எழுதுங்கள். பிறகு நில உரிமையாளரே டீர் ஹேவன் பார்க் என்று தனியாக நடத்த வேண்டியிருந்தது. ஒரு தனி மனிதரின் பணப்பையையும் நல்ல மனதையும் நம்பி நிற்கிற பாதுகாப்பு எத்தனை நாளைக்கு? அவருக்குப் பின்னால் நிலம் யார் கைக்குப் போகும்? கிடங்கு நிலத்தில் ஏற்கனவே ஒரு துண்டில் ஃபைவ் பாயிண்ட்ஸ் சிறைச்சாலை நிற்கிறது. நாளை இன்னொரு துண்டு, அதற்கு மறுநாள் இன்னொன்று. மாநிலம் சட்டம் போடவேண்டும். வேலி, ஆணை என்று நீங்கள் இருவரும் அடித்துக்கொண்டிருக்கும்போது நிலம் கையைவிட்டுப் போகும்.

ஊர்க்குருவி:
தச்சன் சொல்வது எனக்குச் சரியாகப் படுகிறது.

ஏரிக்கரையான்:
உங்களுக்கு அவர் சொல்வது எல்லாமே சரியாகத்தான் படும். புலி இழையிலும் அப்படித்தான்.

ஊர்க்குருவி:
இது தேவையில்லாத பேச்சு. நான் யாருக்கும் வால் பிடிக்கவில்லை. பெண்கள் முகாமைப் பற்றிச் சொன்னதை ஒற்றை வரியில் தள்ளிவிட்டீர்கள், இப்போது என்னையும் தள்ளுகிறீர்கள்.

நெய்தல்:
ஒரு விஷயம் மட்டும். வேலியை முழுதாக மூடினாலும் சிக்கல் இருக்கிறது. 2005இல் நியூயார்க் மாநிலத்தின் ஒனைடா மாவட்டத்தில் மான்களுக்கு நாட்பட்ட உடல்தேய்வு நோய் என்ற, தொற்றிக் கொல்லும் நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அடைத்த இடத்தில் நெருக்கமாக மேயும் கூட்டத்துக்குள் அப்படி ஒன்று நுழைந்தால் தப்ப வழி இருக்காது. வேலியைத் திறந்தால் வேட்டை, கொயோட்டி. மூடினால் நோய், நெருங்கிய உறவில் இனப்பெருக்கம், உள்ளே இருக்கும் தழையெல்லாம் மேய்ந்து தீர்ந்துபோவது. இதைப் பேச வேண்டாமா?

கானகத்தான்:
பேசலாம் அம்மா. ஆனால் முதலில் இவர் ஒப்புக்கொள்ளட்டும். வேலி இல்லாமல் ஒரு வெள்ளை மான்கூட 1949இல் கண்ணில் பட்டிருக்காது. ஆணை போட வேண்டுமென்றால் முதலில் வெள்ளை மான் பிறக்க வேண்டும். பிறக்க வைத்தது வேலி.

ஏரிக்கரையான்:
பிறந்தது வேலியால் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிழைத்தது ஆணையால். பிறந்த எல்லாம் பிழைப்பதில்லை. நான் அந்தப் பெண் மானை நேரில் பார்த்தவன். நீங்கள் வரைபடத்தில் வேலியை அளந்தவர்.

கானகத்தான்:
நேரில் பார்த்ததால் வரலாறு மாறாது. நீங்கள் 2018இல் பேருந்தில் போனபோது, எதன் வாசல் வழியாக உள்ளே நுழைந்தீர்கள்?

ஏரிக்கரையான்:
வாசலைத் திறந்துவிட்டது ஒரு மனிதன். படம் எடுத்து வைத்திருக்கிறேன். இன்று இரவு பழைய கணினியில் தேடி எடுத்து இங்கேயே போடுகிறேன். அதுவரைக்கும் தச்சன் தயவுசெய்து ரேவாவுக்குப் போகாமல் இருக்கட்டும்.

தச்சன்:
1779இலிருந்து தொடங்குகிறேன். நேரம் இருக்கிறது.