ஹெட்லைட் போட்டு பிரேக் மிதிச்சா டிரெய்லர் லெஃப்ட் லைட் அணைஞ்சிடுது, வயரிங் தெரிஞ்சவங்க உதவி பண்ணுங்க

வேலூர்க்காரன்:
வணக்கம் நண்பர்களே. நான் ஹூஸ்டன்ல இருக்கேன், தோட்டத்துக்கு மண்ணு, பலகை எல்லாம் ஏத்திட்டு வர ஒரு பழைய சின்ன டிரெய்லர் வாங்கினேன், மினிவேன்ல ஹிட்ச் (டிரெய்லரை மாட்டற கொக்கி) ஏற்கனவே இருக்கு, லைட் வயரிங் மட்டும் நானே போட்டேன். எங்க வேன்ல பின்னாடி இண்டிகேட்டர் தனி மஞ்சள் பல்பு, பிரேக் தனி சிவப்பு, ஆனா இந்த டிரெய்லர்ல ரெண்டும் ஒரே பல்புல வருது, அதனால பேட்டரில இருந்து நேரா பவர் எடுக்கற கன்வெர்ட்டர் கிட் வாங்கி, வேனோட டெயில் லைட் கனெக்டர் நடுவுல சொருகி, நாலு பின் பிளக்கை ஹிட்ச் பக்கம் கொண்டு வந்துட்டேன்.

ரைட் சைடு அருமையா வேலை செய்யுது. லெஃப்ட் தான் பிரச்சனை. ஹெட்லைட் ஆஃப்ல லெஃப்ட் இண்டிகேட்டர் போட்டா லெஃப்ட் மங்கலா சிமிட்டுது, கூடவே ரைட் லைட்டும் சைடுல இருக்கற சின்ன மஞ்சள் லைட்டுகளும் லேசா சிமிட்டுது. ஹெட்லைட் போட்டா லெஃப்ட் டெயில் எரியுதா இல்லையான்னே தெரியல, அப்ப பிரேக் மிதிச்சா லெஃப்ட் சுத்தமா இருட்டு. பல்பு மாத்தியாச்சு, 1157 நம்பர் ரெட்டை இழை பல்பு, புதுசு. ராத்திரி 45 ஹைவேல லேன் மாத்தறப்ப பின்னாடி வர்றவங்களுக்கு ஒண்ணுமே தெரியாதுங்கறதால வண்டியை எடுக்காம வெச்சிருக்கேன்.

நாலுசக்கரம்:
ப்ரோ, முதல்ல வண்டியா டிரெய்லரான்னு பிரிச்சுடுங்க. டிரெய்லரைக் கழட்டிட்டு வேன் பக்க பிளக்ல டெஸ்ட் லேம்ப் வெச்சுப் பாருங்க. வெளிய நீட்டிட்டு இருக்கற ஒத்தை பின் தான் எர்த், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போற வழி, அதுல கிளிப்பை மாட்டி மத்த மூணு ஓட்டைக்குள்ள முனையை வையுங்க. வெள்ளை எர்த், பிரவுன் டெயில், மஞ்சள் லெஃப்ட், பச்சை ரைட். முனை ரெண்டு ஓட்டையைச் சேர்த்துத் தொட்டுடக் கூடாது, கன்வெர்ட்டர் போயிடும். எனக்கு கன்வெர்ட்டர் மேல தான் சந்தேகம், லெஃப்ட் சேனல் மட்டும் போறது உண்டு.

ஹைவே_செல்வம்:
கன்வெர்ட்டரா இருக்காதுங்க, எர்த் தான். டிரெய்லர் முன்னாடி வெள்ளை வயர் ஃபிரேம்ல ஸ்க்ரூ போட்டிருக்கும் பாருங்க, அதுக்கு அடியில பெயிண்ட் இருக்கும். சுரண்டி பளபளன்னு ஆக்கிட்டு திரும்ப மாட்டுங்க. டிரெய்லர் உக்கார்ற ஹிட்ச் பால் (இரும்பு உருண்டை) வழியா எர்த் வரும்னு நம்பாதீங்க, கிரீஸும் துருவும் இருக்கற இடம், ஒவ்வொரு குழிக்கும் விட்டு விட்டு வரும்.

வேலூர்க்காரன்:
ரெண்டு பேருக்கும் நன்றி. வேன் பக்கம் செக் பண்ணேன், ஹெட்லைட், லெஃப்ட், ரைட், பிரேக் எல்லாமே டெஸ்ட் லேம்ப்ல நல்ல பிரகாசமா வருது. வெள்ளை வயர் ஸ்க்ரூவையும் கழட்டி உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு மாட்டினேன். லெஃப்ட் அப்படியே தான் இருக்கு, ஒரு மாற்றமும் இல்ல.

ஸ்பேனர்செட்:
சார், நீங்க சொன்ன அறிகுறியிலயே விடை இருக்கு. முன்னாடி இருக்கற மெயின் எர்த் போயிருந்தா ரைட்டும் சேர்ந்து கூத்தடிச்சிருக்கும். ரைட் நல்லா எரியுதுன்னா மெயின் எர்த் ஓகே, லெஃப்ட் லைட்டோட சொந்த எர்த் தான் அந்து போயிருக்கு. இந்த மாதிரி டிரெய்லர் லைட்ல பெரும்பாலும் தனி எர்த் வயரே இருக்காது, மாட்டற போல்ட் தான் எர்த், அந்த பிராக்கெட்ல துரு ஏறினா கதை முடிஞ்சுது.

ஏன் இப்படி எரியுதுன்னா, 1157ல பிரேக் இழை ஒண்ணு, டெயில் இழை ஒண்ணு, ரெண்டுக்கும் எர்த் பொது. எர்த் இல்லாதப்ப லெஃப்ட் இண்டிகேட்டர் போட்டா கரண்ட் பிரேக் இழை வழியா உள்ள வந்து, வெளிய போக வழியில்லாம டெயில் இழை வழியா பிரவுன் வயருக்குத் திரும்பிப் போகும், அங்க இருந்து ரைட் டெயிலும் சைடு லைட்டும் வழியா எர்த் தேடிக்கும், அதனால தான் எல்லாம் மங்கலா சேர்ந்து சிமிட்டுது. ஹெட்லைட் போட்டு பிரேக் மிதிச்சா பிரவுன்லயும் 12 வோல்ட், மஞ்சள்லயும் 12 வோல்ட், ரெண்டு பக்கமும் ஒரே அழுத்தம்னா கரண்ட் எங்க ஓடும், அதான் இருட்டு.

மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்ல வெச்சு, ஹெட்லைட் போட்டு ஒருத்தரை பிரேக் மிதிக்கச் சொல்லிட்டு, சிவப்பு முனையை லெஃப்ட் லைட் போல்ட்லயும் கறுப்பை முன்னாடி தேய்ச்ச அந்த எர்த் ஸ்க்ரூலயும் வையுங்க. நல்ல எர்த்னா 0.1 வோல்ட் பக்கம் தான் காட்டணும்.

மெல்பர்ன்_வாசி:
நடுவுல ஒரு விஷயம், ஆஸ்திரேலியால இருந்து படிக்கறவங்க இந்த நாலு பின் கணக்கை அப்படியே எடுத்துக்காதீங்க. இங்க பிரேக்குக்கு தனியா சிவப்பு வயர், இண்டிகேட்டர் தனி, அதனால மேல சொன்ன கன்வெர்ட்டர் தேவைப்படாது. எர்த் வெள்ளை தான், எர்த் தொல்லையும் அதே தான்.

வேலூர்க்காரன்:
ஸ்பேனர்செட் அண்ணா, கையைக் குடுங்க! லெஃப்ட் போல்ட்ல கிட்டத்தட்ட 12 வோல்ட்டே காட்டுச்சு, ரைட்ல 0.05. ஒரு வயரோட ஒரு முனையை அந்த போல்ட்லயும் இன்னொரு முனையை சுத்தமான ஃபிரேம்லயும் சும்மா தொட்டு வெச்சதும் லெஃப்ட் பளிச்சுன்னு எரிஞ்சுது, வீட்டுக்காரம்மா உள்ள உக்காந்து பிரேக் மிதிச்சுட்டு இருந்தாங்க, கத்திட்டேன். பிராக்கெட்டைக் கழட்டினா பின்னாடி முழுக்க துருப்பொடி. இப்ப துருவைத் தேய்ச்சு மாட்டினா போதுமா, இல்ல வயர் இழுக்கணுமா?

ஸ்பேனர்செட்:
வயரே இழுத்துடுங்க சார், ஹூஸ்டன் ஈரத்துல தேய்ச்ச இடம் திரும்பத் துருப்பிடிக்கும். ரெண்டு லைட் போல்ட்லயும் ரிங் டெர்மினல் (வயர் முனைல மாட்டற வளையம்) போட்டு, 16 கேஜ் வெள்ளை வயர்ல சேர்த்து, முன்னாடி பிளக்ல இருந்து வர்ற வெள்ளையோட நேரா இணைச்சுடுங்க, அப்ப ஃபிரேமை நம்பவே வேண்டாம். ரைட் இன்னைக்கு நல்லா இருக்குன்னு விட்டுடாதீங்க, அதுவும் அதே வயசு இரும்பு. வயரைக் கடிச்சுப் பிடிக்கற நீல கிளிப் போடாதீங்க, இழை அறுந்து தண்ணி உள்ள போகும், சூடு காட்டினா சுருங்கி ஒட்டற கிரிம்ப் கனெக்டர் போடுங்க. பிளக் பின்ல டைஎலக்ட்ரிக் கிரீஸ் (ஈரம் உள்ள போகாம தடுக்கற கிரீஸ்) கொஞ்சம் தடவுங்க.

இன்னொண்ணு, பேட்டரில இருந்து கன்வெர்ட்டருக்கு வர்ற வயர்ல ஃபியூஸ் பேட்டரி டெர்மினலுக்குப் பக்கத்துலயே இருக்கான்னு பாருங்க. பின்னாடி கன்வெர்ட்டர் கிட்ட வெச்சிருந்தா நடுவுல வயர் உரசி ஷார்ட் ஆனா அந்த ஃபியூஸ் காப்பாத்தாது.

வேலூர்க்காரன்:
ஃபியூஸ் பேட்டரி பக்கத்துலயே தான் இருக்கு அண்ணா. சனிக்கிழமை ரெண்டு பக்கமும் வெள்ளை வயர் இழுத்துட்டு, ஹெட்லைட் போட்டு மறுபடி எல்லாத்தையும் செக் பண்ணிட்டு இங்க எழுதறேன்.